கேட்ல நிக்கறவர்... வானத்துல இருந்து குதிச்சவர்!

ஐ.வி. போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? 'இண்டஸ்ட்ரியல் விசிட்'னு காலேஜ் பஸ்ஸில் ஏற்றி, பாட்டு, ஆட்டம், அந்தாக்‌ஷரி எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு ஃபேக்டரி வாசலில் இறக்கிவிடுவார்களே, அதேதான். சென்னை, திருவள்ளூர் பக்கம் படிக்கிற பசங்களில் பாதிப் பேருக்கு அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டாகத்தான் இருக்கும். உருக்காலை சூடு, காது கிழிகிற மெஷின் சத்தம், உள்ளே எடுக்க முடியாமல் வெளியே வந்து எடுத்த க்ரூப் ஃபோட்டோ... எல்லாம் ஞாபகம் இருக்கும். கேட்டில் உங்க பையைத் திறக்கச் சொல்லி, செல்போனை வாங்கிக்கிட்டு டோக்கன் கொடுத்தாரே ஒரு செக்யூரிட்டி, அவர் முகம் ஞாபகம் இருக்கா?

இருக்காது. எனக்கும் இல்லை. 'அண்ணா, சீக்கிரம் விடுங்கண்ணா'ன்னு கத்தின கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

அப்படி கேட்டில் நிற்கிற ஐந்து பேரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். யூனிஃபார்ம் இல்லை. ஆனால் ஐந்து பேர் ஷூவும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. ஒருத்தர் பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்தார். வணக்கமும் இல்லை, சௌக்கியமும் இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஜம்ப்?"

"நாப்பத்திரெண்டு."

"எனக்கு அறுபது. அப்ப டீ உன் செலவு."

ஐந்து பேரும் முன்னாள் 'பாரா'. அதாவது, பாராட்ரூப்பர்கள். விமானத்தில் இருந்து பாராசூட்டில் குதித்து சண்டை போடப் பழகிய, மெரூன் கலர் தொப்பி போட்ட பட்டாளம். ஒரே ஏரியாவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒருத்தர் பைக் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒட்டியிருந்த சிறகு ஸ்டிக்கரைப் பார்த்து, பெட்ரோல் போடுகிற இடத்தில் இன்னொருத்தர் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அதில் ஆரம்பித்து, கேட் கேட்டாக விசாரித்து, இப்போது ஐந்து. மாசத்துக்கு ஒரு ஞாயிறு, ஷிஃப்ட் ஒத்துவந்தால் இந்த டீக்கடை.

"பேரு, கம்பெனி பேரு எதுவும் போடாத தம்பி. நாளைக்கு டூட்டிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்கள். அதனால் பெயர்கள் இல்லை. ஊத்துக்கோட்டை, பொன்னேரி, அரக்கோணம், குடியாத்தம்... ஐந்தாமவர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்கு ஆள் அனுப்புகிற ஊர் என்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய கிராமம்.

தள்ளிவிட்டாங்களா, குதிச்சீங்களா?

நாம கேட்கிற முதல் கேள்வி இதுதானே! நானும் கேட்டேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆக்ராவில் இருக்கிறது பாராட்ரூப்பர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். தரையிலேயே விழவும் உருளவும் பழக்கி எலும்பைப் பதம் பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். ஐந்து குதி குதிக்கணும், அதில் ஒன்று ராத்திரியில். முடித்தால் நெஞ்சில் சிறகு பேட்ஜ். குதிக்கிற உயரம் சுமார் 1,250 அடி. நம்ம அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு அடுக்கினால் வருமே, கிட்டத்தட்ட அந்த உயரம்.

சினிமாவில் ஹீரோ ஸ்டைலாகக் கயிற்றை இழுப்பார். இங்கே அதெல்லாம் கிடையாது. முதுகில் உள்ள பாராசூட்டில் இருந்து ஒரு பட்டை வரும். அதன் கொக்கியை விமானத்துக்குள் ஓடுகிற கம்பியில் மாட்டிவிட வேண்டும். ஆள் வெளியே விழுந்ததும் அந்தப் பட்டையே பாராசூட்டைப் பிடுங்கித் திறந்துவிடும். திறக்கலைன்னா? நெஞ்சில் கட்டியிருக்கிற ரிசர்வ் பாராசூட். அதுவும் திறக்கலைன்னா? "அதை அங்க யாரும் கேக்க மாட்டாங்க தம்பி" என்றார் பொன்னேரிக்காரர்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு குட்டிக் கணக்கு. ரவுண்ட் பாராசூட்டில் இறங்குகிறவர் தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு சுமார் 5 முதல் 6 மீட்டர். அதாவது, நான்கு முதல் ஆறு அடி உயரச் சுவரில் இருந்து குதித்த மாதிரி. கேட்க சுலபமாக இருக்கிறதா? கூடவே ஆயுதம், மூட்டை, பக்கத்தில் இருந்து தள்ளுகிற காற்று, சில சமயம் இருட்டு. இந்த மேஜையைச் சுற்றியிருந்த பத்து முழங்கால்களில் மூன்று மழைக்காலத்தில் வலிக்கிறது. 'மால்புரா' என்று ஒருத்தர் சொன்னதும் எல்லோரும் அவரவர் காலைத் தடவிக்கொண்டார்கள். ஆக்ரா பக்கத்தில் இவர்கள் போய் விழுந்த மைதானத்தின் பெயர் அது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. குதிப்பதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாக எழுந்து நிற்பார்கள். முதுகில் கட்டியிருக்கிற பாராசூட்டை நம்மால் பார்க்க முடியாதே! அதனால் பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனின் முதுகைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கடைசி ஆளில் ஆரம்பித்து 'ஓகே', 'ஓகே' என்று வரிசையாகக் குரல் முன்னால் வரும். அப்புறம் சிவப்பு லைட். பச்சை லைட். "பின்னாடி நின்னவன் பேரு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. ஜார்க்கண்ட் பையன். எங்க இருக்கானோ" என்றார் குடியாத்தம். கல்யாண நாளை மறந்து வீட்டில் திட்டு வாங்குகிறவராம் இவர்!

ஆற்காட்டு டாக்டர்

ஒரு விஷயம் எனக்கே தெரியாது. பாரா பிரிகேட் என்றால் துப்பாக்கி பிடிப்பவர்கள் மட்டும் இல்லை. சிக்னல், வண்டி ரிப்பேர், மருத்துவம், சமையல்... எல்லோரும் குதிக்கணும். சாம்பார் வைக்கிறவரும் விமானத்தில் இருந்துதான் வருவார்!

அரக்கோணத்துக்காரர் பாரா மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக இருந்தவர். 2023ல் துருக்கி பூகம்பத்துக்கு இந்தியாவில் இருந்து ஒரு ராணுவ ஆஸ்பத்திரி போச்சே, 60 பாரா ஃபீல்ட் ஹாஸ்பிடல், அந்த யூனிட்டில். "எங்க யூனிட்டோட பெரிய ஆள் யார் தெரியுமா? நம்ம ஆளு" என்றார். முழித்தேன்.

ஏ.ஜி.ரங்கராஜ். 'ஏ' என்றால் ஆற்காடு. 1941ல், இந்தியாவில் பாராசூட் படை ஆரம்பித்த வருஷமே, 152வது பாராசூட் பட்டாலியனின் டாக்டராகச் சேர்ந்தவர். முதன்முதலில் பாராசூட்டில் குதித்த இந்திய ராணுவத்தினர் என்று சொல்லப்படும் இரண்டு பேரில் ஒருவர். இன்னொருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்.

இப்போ கே-டிராமா ரசிகைகள் கவனிக்கவும்! 1950ல் கொரியாவில் போர். இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை, டாக்டர்களை அனுப்பியது. 60 பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், தலைமை லெஃப்டினென்ட் கர்னல் ரங்கராஜ். நவம்பரில் போய் இறங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே சீனப்படை வெள்ளம் மாதிரி வர, பியாங்யாங்கைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. வண்டி கிடையாது. மருந்து, ஆபரேஷன் சாமான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடணும். ரங்கராஜ் குழு என்ன செய்தது தெரியுமா? ஸ்டேஷனில் ஓர் அநாதை நீராவி இஞ்சினைக் கண்டுபிடித்தது. ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றி, நம்ம சிப்பாய்களே இஞ்சினை ஓட்டி, சாமான்களோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தாண்டிய பிறகு பாலங்கள் தகர்க்கப்பட்டன.

1951 மார்ச் 23. சியோலுக்கு வடக்கே முன்சான் என்ற இடத்தில் மூவாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க பாராட்ரூப்பர்கள் குதித்தார்கள். கூடவே ரங்கராஜும் அவருடைய சின்ன மருத்துவக் குழுவும். விழுந்த இடத்திலேயே அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலை மாதத்தின் போர் வீரராகத் தென்கொரிய அரசு அவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. நாம? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியன் கம்பெனியில் கேம்பஸ் பிளேஸ்மென்ட் கிடைக்குமா என்று மொழி கற்கிறோம், இவர் பெயர் எந்தப் பாடத்திலும் வந்த ஞாபகம் இல்லை. அரக்கோணத்துக்காரர் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு கொரிய மேனேஜரிடம் இந்தக் கதையைப் பாதி ஆங்கிலத்தில், பாதி சைகையில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் எழுந்து நின்று குனிந்து வணங்கினாராம். "எனக்கு இல்ல, அவருக்கு" என்றார்.

அப்புறம் 1971 டாங்கைல் கதை. இவர்கள் யாரும் அதில் இல்லை, ஆனால் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களின் தலைமுறை. டிசம்பர் 11 மாலை, 2வது பாரா பட்டாலியன் டாக்காவுக்கு வடக்கே டாங்கைலில் குதித்து, பின்வாங்கி வந்த பாகிஸ்தான் படையின் வழியில் பூங்ளி பாலத்தைப் பிடித்தது. குதித்தவர்கள் சுமார் 700 பேர். வெளிநாட்டுச் செய்திகளில் வந்ததோ 5,000! காரணம், ராணுவ மக்கள் தொடர்பு அதிகாரி ராமமோகன் ராவ் பத்திரிகைகளுக்குக் கொடுத்த படம். வானம் முழுக்க பாராசூட்... ஆனால் அது பழைய பயிற்சியில் எடுத்தது. ஃபோட்டோஷாப் இல்லாத காலத்தில் எப்படி ஒரு ஸ்டேட்டஸ் பாருங்க! ஐந்தாவது நாள், டிசம்பர் 16ல், டாக்கா சரண்.

சத்தம் குறைந்த இடம்

இதுவரைக்கும் டேபிளைத் தட்டித் தட்டித்தான் பேசினார்கள். நான்தான் வாய் திறந்தேன். "இலங்கைக்கு யாராவது போயிருக்கீங்களா?"

மூத்தவர் ஊத்துக்கோட்டைக்காரர். அறுபதை நெருங்குகிறார். 1987ல் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கிறார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1987 அக்டோபர் 11-12 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் புலிகளின் தலைமையகத்தைப் பிடிக்க ஹெலிகாப்டரில் படை இறக்கப்பட்டது. 10வது பாரா கமாண்டோ, 13வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி. புலிகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பாரா கமாண்டோக்கள் சுற்றி வளைக்கப்பட்டு, விடிய விடிய சண்டை போட்டார்கள். ரயில் தண்டவாளத்தின் மேலேயே டாங்கிகள் வந்து மீட்கும்படி ஆனது. அதே அக்டோபர் 21ம் தேதி, இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டும் பத்து நாள் இடைவெளியில், ஒரே ஊரில்.

"தமிழ் தெரிஞ்ச ஆளுன்னு செக் போஸ்ட்ல என்னைத்தான் முன்னாடி நிறுத்துவாங்க. அந்தம்மாங்க என்கிட்டதான் கேப்பாங்க, 'தம்பி, நீங்களுமா?'ன்னு" என்றார் ஊத்துக்கோட்டைக்காரர். அதற்கு மேல் பேசவில்லை. மற்ற நாலு பேரும் அவரைக் கேட்கவும் இல்லை. பாரா மீட்டிங்கில் இது எழுதாத ரூல் போல.

கும்மிடிப்பூண்டி தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இங்கே பெரிய இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021ல் இருந்து அரசாங்கக் கணக்கில் 'மறுவாழ்வு முகாம்'. அங்கே இருந்து நிறைய பேர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள். ஊத்துக்கோட்டைக்காரர் நிற்கிற கேட்டுக்கும் ஒருத்தர் வருவாராம், கிட்டத்தட்ட இவர் வயசு. "வணக்கம் அண்ணை" என்பார். இவரும் வணக்கம் சொல்லி நோட்டை நீட்டுவார். ஊர் என்ற இடத்தில் அவர் 'கும்மிடிப்பூண்டி' என்று எழுதுவார். ஏழெட்டு வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

"எந்த ஊர்னு கேட்டதில்லையா?"

"கேட்டா சொல்லிடுவாரே, தம்பி."

முப்பத்தெட்டில் 'முன்னாள்'

பட்டாளத்தில் 15 வருஷம் முடித்தால் பென்ஷன். சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் ஆறாவது, ஏழாவது படிக்கும். முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழக அரசு 1986ல் 'டெக்ஸ்கோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கேயும் அதிகம் கிடைப்பது காவல் வேலைதான். வயர்லெஸ் ரிப்பேர் தெரிந்த குடியாத்தத்துக்காரர் இப்போது லாரி நம்பர் எழுதுகிறார். வேலை கேவலம் இல்லை, ஆனால் கையில் இருக்கிற தொழிலை யாரும் கேட்கவில்லையே என்ற கடுப்பு அவருக்கு இருக்கிறது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இது உங்க மேட்டரும்தான். 2022ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம், ஆனால் நாலே வருஷம். 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு சுமார் 11.7 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. உங்க கிளாஸ்மேட் ஒருத்தன் இருபத்திரண்டு வயதில், நீங்க டிகிரி முடித்து முதல் இன்டர்வியூவுக்கு நிற்கிறபோது, 'முன்னாள் வீரர்' ஆகியிருப்பான். கம்மவான்பேட்டைக்காரரின் பையன் சேரணும் என்கிறானாம். "போகாதன்னு சொல்ல வாய் வரலை. போன்னு சொல்லவும் வரலை" என்றார். பையன் இப்போது தினமும் காலையில் ஓடுகிறான். அப்பா பைக்கில் பின்னாலேயே போய் டைம் பார்க்கிறார்.

பத்தரை மணிக்கு பொன்னேரிக்காரருக்கு சென்ட்ரல் போகிற லோக்கல் டிரெயின். நாலு பேரும் ஸ்டேஷனுக்குள் வந்தார்கள். ரயில் உள்ளே வரும்போது, பின்னால் நின்ற குடியாத்தம் அவர் தோளில் மாட்டியிருந்த டிஃபன் பையின் வாரை இழுத்துப் பார்த்தார். முதுகில் ஒரு தட்டு.

"ஓகே."

அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.