ஒரே மாதம், இரண்டு முடிவுகள்: என்எஃப்எல் அணிகள் ஆட்டமில்லாத காலத்தில் வீரர்களைத் தேர்வு செய்வது எப்படி?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்கக் கால்பந்தின் தலைமைத் தொடரான என்எஃப்எல்லில் 15 நாள் இடைவெளியில் இரண்டு பெரிய பரிமாற்றங்கள் நடந்தன. மார்ச் 8ஆம் தேதி, சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் நட்சத்திர குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனைப் பெற டென்வர் பிராங்கோஸ் அணி ஒப்புக்கொண்டது. மார்ச் 23ஆம் தேதி, தொடரின் அதிவேக வீரர்களில் ஒருவரான டைரீக் ஹில்லை மியாமி டால்ஃபின்ஸ் அணிக்கு விட்டுக்கொடுக்க கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி முடிவு செய்தது.

நட்சத்திரத்தை வாங்கிய டென்வர் ரசிகர்கள் கொண்டாடினர். நட்சத்திரத்தை இழந்த கான்சாஸ் சிட்டி ரசிகர்கள் கவலையில் ஆழ்ந்தனர். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. சீஃப்ஸ் அடுத்தடுத்து இரண்டு முறை சூப்பர் பவுல் கோப்பையை வென்றது. பிராங்கோஸ் அணியோ, தன்னை விட்டு வெளியேறிய ஒரு வீரரின் கணக்கில் மட்டும் சுமார் 8.5 கோடி டாலரைச் சுமக்க நேர்ந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் களத்தில் மட்டும் இல்லை. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நீளும் ஆட்டமில்லாத காலத்தில், அணி நிர்வாகங்கள் போடும் கணக்கில்தான் அதன் வேர் இருக்கிறது.

ஊதிய உச்சவரம்பு என்பது என்ன?: என்எஃப்எல்லில் 32 அணிகள் உள்ளன. ஒவ்வொரு அணியும் ஓராண்டில் வீரர்களுக்காகக் கணக்கில் காட்டக்கூடிய மொத்தத் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. 1994ஆம் ஆண்டு இந்த முறை அறிமுகமானபோது அந்த எல்லை 3.46 கோடி டாலராக இருந்தது. 2025ஆம் ஆண்டில் அது 27.92 கோடி டாலராக உயர்ந்தது. தொடரின் வருவாயில் வீரர்களுக்குச் சேர வேண்டிய பங்கின் அடிப்படையில் இந்த எல்லை கணக்கிடப்படுவதால், வருவாய் சரிந்தால் எல்லையும் சரியும். கொரோனா காலத்தில் மைதானங்கள் காலியாகக் கிடந்ததன் விளைவாக, 2020இல் 19.82 கோடி டாலராக இருந்த உச்சவரம்பு 2021இல் 18.25 கோடி டாலராகக் குறைந்தது.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் குறிப்பிட்ட தொகை ஒதுக்கப்படுவதை நம் ரசிகர்கள் அறிவர். அடிப்படை நோக்கம் இரண்டிலும் ஒன்றுதான். பணம் படைத்த உரிமையாளர் எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிச் சென்றுவிடக் கூடாது. ஆனால் என்எஃப்எல்லில் ஒரு வீரருக்குக் கொடுக்கும் பணமும், அந்த ஆண்டுக் கணக்கில் பதிவாகும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திட்டமிடலின் சூட்சுமம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது.

இன்றைய செலவு, நாளைய கணக்கு: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வீரருக்கு போனஸ் தொகை உடனடியாக வழங்கப்படுகிறது. ஆனால் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்கு, அதிகபட்சமாக 5 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் காட்டலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீரரின் இந்த ஆண்டு ஊதியம் 2 கோடி டாலர். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் 5 ஆண்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.5 கோடியை அணி போனஸாக மாற்றினால், ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வீதம் அது 5 ஆண்டுகளில் பரவிவிடும். இந்த ஆண்டுக் கணக்கில் எஞ்சிய ஊதியம் 50 லட்சமும் போனஸ் பங்கு 30 லட்சமும் சேர்ந்து 80 லட்சம் டாலர் மட்டுமே பதிவாகும். வீரருக்கு ஒரு காசும் குறையவில்லை, அணிக்கு 1.2 கோடி டாலர் இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த 1.2 கோடி மறைந்துவிடுவதில்லை. அடுத்த 4 ஆண்டுகளின் கணக்கில் அது காத்திருக்கிறது. அடுத்த ஆண்டே அந்த வீரர் காயமடைந்தோ, ஃபார்ம் இழந்தோ விடுவிக்கப்பட்டால், மீதமுள்ள 1.2 கோடியும் ஒரே நேரத்தில் அணியின் கணக்கில் வந்து விழும். இதைத்தான் 'டெட் மணி' என்கிறார்கள். அணியில் இல்லாத வீரருக்காக உச்சவரம்பில் இழக்கும் இடம் இது. ஜூன் 1ஆம் தேதிக்குப் பிந்தைய விடுவிப்பாகக் கருதப்பட்டால், இந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ள விதி இடமளிக்கிறது.

ஆட்டமில்லாத காலத்தின் நாட்காட்டி: சூப்பர் பவுல் முடிந்த சில நாட்களிலேயே அடுத்த வேலை தொடங்கிவிடுகிறது. பிப்ரவரி பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை, ஒப்பந்தம் முடியும் வீரர்களில் ஒருவரை 'ஃப்ராஞ்சைஸ் டேக்' மூலம் ஓராண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ள அணிக்கு வாய்ப்பு உண்டு. இதற்கான ஊதியம் அந்த இடத்தில் ஆடும் முன்னணி வீரர்களின் ஊதியத்தை ஒட்டி அமைவதால், இது செலவு மிகுந்த வழி.

மார்ச் நடுப்பகுதியில் தொடரின் புதிய ஆண்டு பிறக்கிறது. 2025இல் அது மார்ச் 12ஆம் தேதி தொடங்கியது. அந்த நொடியில் ஒவ்வோர் அணியும் உச்சவரம்புக்குள் இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணியில் சேரலாம்; பரிமாற்றங்களும் அப்போதுதான் அதிகாரப்பூர்வமாகின்றன.

ஏப்ரல் இறுதியில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடைபெறுகிறது. மொத்தம் 7 சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பும், கோப்பை வென்ற அணிக்கு சுற்றின் இறுதி வாய்ப்பும் தரப்படுகின்றன. 2025இல் கிரீன் பே நகரில் நடந்த டிராஃப்டில் 257 வீரர்கள் தேர்வாகினர். இவர்களின் ஊதியம், தேர்வான வரிசையைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கானது. நன்றாக ஆடும் இளம் வீரர் ஒருவர், அந்த 4 ஆண்டுகளில் தன் சந்தை மதிப்பைவிட மிகக் குறைந்த தொகைக்கே ஆடுவார். எனவேதான் டிராஃப்ட் வாய்ப்புகள் பணத்துக்கு நிகரான சொத்தாகக் கருதப்படுகின்றன.

சீஃப்ஸ் போட்ட கணக்கு: 2020ஆம் ஆண்டு சீஃப்ஸ் தன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுடன் 10 ஆண்டுகளுக்கு 45 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்த நீட்டிப்பைச் செய்தது. அணியின் வருங்காலம் அவரைச் சுற்றியே அமையும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. 2022 மார்ச்சில் டவான்டே ஆடம்ஸை வாங்கிய லாஸ் வேகாஸ் ரைடர்ஸ் அணி, அவருக்கு 5 ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் வழங்கியது. வைட் ரிசீவர்களின் விலை ஒரே வாரத்தில் எகிறியது. ஹில்லைத் தக்கவைக்க வேண்டுமானால் அதே அளவில் பணம் கொடுக்க வேண்டிய நிலை உருவானது.

பொது மேலாளர் பிரெட் வீச் மாற்று வழியைத் தேர்ந்தெடுத்தார். ஹில்லை மியாமிக்கு அனுப்பி, பதிலுக்கு 5 டிராஃப்ட் வாய்ப்புகளைப் பெற்றார். மியாமி அணி ஹில்லுக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்த நீட்டிப்பை அளித்தது.

அந்த வாய்ப்புகளில் 29ஆவது இடத்தையும் மேலும் இரண்டு இடங்களையும் கொடுத்து, 21ஆவது இடத்துக்கு முன்னேறிய சீஃப்ஸ், தடுப்பாட்டக்காரர் டிரென்ட் மெக்டஃபியைத் தேர்வு செய்தது. அவர் 2023ஆம் ஆண்டின் சிறந்த வீரர்கள் அணியில் இடம்பெற்றார். இரண்டாம் சுற்றில் ஸ்கை மூரைத் தேர்ந்தெடுத்தது. அவர் நீண்ட காலம் பிரகாசிக்கவில்லை என்றாலும், 2023 பிப்ரவரி 12ஆம் தேதி பிலடெல்பியா ஈகிள்ஸை 38-35 என வென்ற சூப்பர் பவுலில் ஒரு டச் டவுன் அடித்தார். அதே போட்டியில் டச் டவுன் அடித்த இசையா பச்சேகோ, அந்த டிராஃப்டின் ஏழாம் சுற்றில் 251ஆவது ஆளாகத் தேர்வானவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸை 25-22 என வீழ்த்தி, சீஃப்ஸ் மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியது.

டென்வர் கற்ற பாடம்: பிராங்கோஸ் நிர்வாகத்தின் எண்ணமும் நியாயமற்றதல்ல. 2016இல் பெய்டன் மேனிங் ஓய்வு பெற்ற பிறகு நிலையான குவார்ட்டர்பேக் இல்லாமல் அந்த அணி தவித்து வந்தது. சூப்பர் பவுல் வென்ற அனுபவமுள்ள வில்சனுக்காக முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டு, இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டு, ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்று, கூடவே மூன்று வீரர்கள் என அள்ளிக் கொடுத்தது. புதிய அணிக்காக அவர் ஒரு போட்டியில்கூட ஆடும் முன்பே, 2022 செப்டம்பரில் 5 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தத்தை நீட்டித்தது.

அந்தப் பருவத்தில் டென்வர் 17 போட்டிகளில் 5இல் மட்டுமே வென்றது. தோல்விகளால் கிடைத்திருக்க வேண்டிய 2023 டிராஃப்டின் 5ஆவது இடமும் சியாட்டிலுக்கே சென்றது. அந்த அணி அதில் டெவன் விதர்ஸ்பூனைத் தேர்வு செய்தது. 2024 மார்ச் 17ஆம் தேதி வரை வில்சன் அணியில் நீடித்தால், 2025ஆம் ஆண்டுக்கான 3.7 கோடி டாலரும் உறுதியாகிவிடும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே அவரை விடுவிப்பதாக அணி அறிவித்தது. சுமார் 8.5 கோடி டாலர் டெட் மணி, 2024இல் சுமார் 5.3 கோடி, 2025இல் சுமார் 3.2 கோடி எனப் பிரிக்கப்பட்டது. ஒரே வீரருக்காக ஓர் அணி அதுவரை சுமந்திராத தொகை அது.

அதன் விலையை மற்ற வீரர்களும் கொடுத்தனர். அணியின் மூத்த தடுப்பாட்டக்காரர் ஜஸ்டின் சிம்மன்ஸ் அதே மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். ஜெர்ரி ஜூடி கிளீவ்லேண்டுக்குப் பரிமாற்றப்பட்டார். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2024 டிராஃப்டில் 12ஆவது இடத்தில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை டென்வர் தேர்ந்தெடுத்தது. அவருடைய குறைந்த ஊதியம் பழைய சுமையைத் தாங்க இடம் கொடுத்தது. அந்தப் பருவத்தில் 10 வெற்றிகளுடன் டென்வர் பிளே ஆஃப் சுற்றுக்குத் திரும்பியது.

மலிவான குவார்ட்டர்பேக் எனும் வரம்: இந்தக் கணக்கின் உச்சகட்ட எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வான 262ஆவது வீரர் அவர். 2023இல் 10 லட்சம் டாலருக்கும் குறைவான ஊதியத்தில் அணியை சூப்பர் பவுல் வரை அழைத்துச் சென்றார். மிச்சமான பணத்தில் மற்ற இடங்களில் நட்சத்திரங்களைத் தாங்க அணியால் முடிந்தது. 2025 மே மாதம் அவர் 5 ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வரம் முடிந்து, சீஃப்ஸ் சந்தித்த அதே கேள்வி இப்போது அந்த அணியின் முன்னும் வந்து நிற்கிறது: யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவது?

கணக்குக்குப் பின்னால் மனிதர்கள்: கோடிகளைப் பற்றிப் பேசும்போது மறந்துபோகும் ஒரு பக்கமும் உண்டு. கோடைப் பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியும் 90 வீரர்கள் வரை வைத்திருக்கலாம். ஆகஸ்ட் இறுதியில் அந்த எண்ணிக்கை 53 ஆகக் குறைந்தாக வேண்டும். எல்லா அணிகளும் முழு எண்ணிக்கையுடன் இருந்தால், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1,180 பேர் இடம் இழப்பர். சிலர் வேறு அணிக்குச் செல்வர். அணிக்கு 16 பேர் வரை இடமுள்ள பயிற்சிக் குழுவில் சிலர் சேர்வர். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் விளையாட்டு வாழ்வின் முடிவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஊதியம் முழுமையாக உறுதி செய்யப்படுவதில்லை என்பதால், தலைப்புச் செய்தியில் வரும் தொகையைவிட உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதையே வீரர்களும் அவர்களின் முகவர்களும் முதலில் பார்க்கின்றனர்.

இரு தரப்புக்கும் லாபமா?: ஹில் பரிமாற்றத்தில் மியாமி ஏமாந்துவிட்டது என்றும் கூற முடியாது. 2022இல் 1,710 யார்டுகள், 2023இல் 1,799 யார்டுகள் என ஹில் தன் ஆட்டத்தின் உச்சத்தைத் தொட்டார். வாங்கிய பணத்துக்கு அவர் குறை வைக்கவில்லை. ஆனால் பிளே ஆஃப் சுற்றில் மியாமியால் வெல்ல இயலவில்லை.

2024 ஜனவரி 13ஆம் தேதி, உறைய வைக்கும் குளிரில், கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் இரு அணிகளும் பிளே ஆஃப் போட்டியில் மோதின. மியாமி அன்று பெற்ற ஒரே டச் டவுனை அடித்தவர், தன் பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்த ஹில்தான். ஆட்டத்தை 26-7 என வென்றதோ சீஃப்ஸ். சிறந்த வீரர் மியாமியிடம் இருந்தார். அவரை விட்டுக்கொடுத்துக் கட்டிய அணி கான்சாஸ் சிட்டியிடம் இருந்தது.