குற்றவாளி பாட்டிலுக்குள்

மருத்துவமனையில் தொற்று பரவினால் துப்புத் துலக்குபவர்கள் நோயாளி பார்த்தே இராத நிபுணர்கள்.

கண்புரை அறுவை சிகிச்சை இன்று கிட்டத்தட்ட பல் பிடுங்குவது மாதிரி. காலையில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். 2016 ஜூன் 30 அன்று ஹைதராபாத் சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனையில் படுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் பத்துக்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் தொற்று. சிலருக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

எது காரணம்? கத்தியா, கையா, லென்ஸா? சோதனையில் சிக்கியது, அறுவையின்போது கண்ணைக் கழுவும் ரிங்கர் லாக்டேட் திரவம். அதில் கிளெப்சியெல்லா பாக்டீரியா இருந்தது. கண்ணுக்குத் தெளிந்த நீர். மைக்ரோஸ்கோப்புக்கு வேறு கதை.

இங்கேதான் நுண்ணுயிரியல் நிபுணர் வருகிறார். பாதிக்கப்பட்ட கண்ணுக்குள்ளிருந்து ஊசியால் எடுத்த சில துளிகளைச் சாயமேற்றிப் பார்த்தால், எந்த வகைக் கிருமி என்ற முதல் துப்பு ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும். வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது மடியும் என்று சொல்ல இரண்டு மூன்று நாட்கள். அதுவரை கிருமி காத்திருக்காது. அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஒரே பாக்டீரியா 12 மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் முதல் துப்பு கிடைத்ததுமே கண்ணுக்குள் மருந்து செலுத்தப்படுகிறது.

அடுத்தது மூலத்தைத் தேடுவது. கண்ணில் இருந்ததும் திரவத்தில் இருந்ததும் ஒரே கிருமிதானா? அதே தொகுதியின் திறக்காத பாட்டிலிலும் இருந்தால் தவறு தயாரிப்பில். திறந்ததில் மட்டும் இருந்தால் சந்தேகம் அறுவை அரங்கின் மீது. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் அப்பாவி நர்ஸ் தண்டிக்கப்படுவார். அடுத்த நோயாளிக்கும் அதே பாட்டில் போகும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திரவத்தில் கிருமியில்லை என்று சான்றளிக்கும் முறையான சோதனைக்கு 14 நாட்கள் பிடிக்கும். ஆகவே சரக்கு வந்தவுடன் மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை பாட்டில்களைப் பூட்டி வைக்கும் பொறுமை வேண்டும். நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் அது சுலபமல்ல.

பக்கத்திலுள்ள செகந்திராபாத்தில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார். மைக்ரோஸ்கோப்பின் மகிமையை உலகுக்குச் சொன்ன ஊர் இது. ஆனால் விபத்து நடந்த பிறகு மட்டும் ஆய்வகத்தைத் தேடினால், அது பிரேதப் பரிசோதனை. முன்பே தேடினால்தான் வைத்தியம்.