நட்சத்திர வீரனை நீக்கிய பயிற்சியாளர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் எறிவார்கள். எறிபவர் பெயர் 'குவார்ட்டர்பேக்'. படைக்குத் தளபதி மாதிரி!

ஜோ நாமத், பென்சில்வேனியாவில் உருக்காலைத் தொழிலாளியின் மகன். பள்ளியிலேயே பந்து எறிவதில் சூரன். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சேர ஆசை. நுழைவுத் தேர்வு மதிப்பெண் போதவில்லை. 1961-ல் அலபாமா பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது.

அந்நாளில் முதலாண்டு மாணவர் பெரிய அணியில் ஆட முடியாது. ஜோ காத்திருந்தான்.

வந்தது சோதனை

1963 டிசம்பர். ஜோ பயிற்சி விதியை மீறிவிட்டான். இரண்டு முக்கிய ஆட்டங்கள் பாக்கி. வேறொருவர் கண்டும் காணாமல் விட்டிருப்பார். பயிற்சியாளர் பியர் பிரையன்ட் விடவில்லை, அவனை நீக்கினார். அவன் இல்லாமலே அணி இரண்டிலும் வென்றது!

ஜோ கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. மறு ஆண்டு மீண்டும் ஆடினான். 1964-ல் அலபாமா தேசிய சாம்பியன்! 1965-ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவனை ஒப்பந்தம் செய்தது. தொகை 4 லட்சத்து 27 ஆயிரம் டாலர்!