பிளேக் பயம் கட்டிய மாளிகைகள்!

விருதுநகரிலும் சிவகாசியிலும் இப்போது ‘ஃப்ளாட்’ என்ற பேச்சு அடிபடாத வீடு குறைவு. “மூணாவது மாடி மதினி, லிஃப்ட் இருக்கு, குழாயைத் திறந்தா தண்ணி!” என்று மருமகள் பூரித்துப் போகிறாள். மாமியாருக்கோ வேறு கவலை. “முத்தமும் கொல்லையும் இல்லாதது ஒரு வீடாக்கும்? காத்து எந்த வழியா வரும்?”

மாமியார் கேட்கிற இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் பெரிய பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? (இன்றைக்கு மும்பை. பழைய கதையாச்சே, பம்பாய் என்றே சொல்லிவிடுகிறேன்.)

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. மில் தொழிலாளர்கள் ஜன்னல் இல்லாத ஒற்றை அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கிக்கொண்டு இருந்த காலம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்து ஓடினார்கள். 1898-ல் சர்க்கார் ‘நகர அபிவிருத்தி டிரஸ்ட்’ ஒன்றை அமைத்தது. இருட்டும் கெட்ட காற்றும்தான் பிளேக்கைக் கொண்டுவருகின்றன என்று அப்போது பலர் நம்பினார்கள். எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளச் சில வருஷங்கள் ஆயின. ஆக, காரணம் தப்பு. ஆனால் அதை வைத்து எடுத்த முடிவு நல்ல முடிவு!

என்ன முடிவு? வெளிச்சத்துக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். ஜன்னலுக்கு எதிரே நிற்கும் கட்டிடம், அறைக்கு வரும் வானத்து வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அதற்கு அறுபத்து மூன்றரை டிகிரி என்று ஒரு கோணம் வைத்தார்கள். டிகிரியெல்லாம் நமக்கு எதற்கு? எதிர்க் கட்டிடம் 40 அடி உயரம் என்றால், நடுவே 20 அடியாவது வெட்டவெளி வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த டிரஸ்ட் புதிதாகத் திட்டமிட்ட பகுதிகளில் ஒன்றுதான் மாதுங்கா. டைப்பிஸ்ட், குமாஸ்தா, கணக்கர் என்று வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய அங்கே குடியேறின. 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். கொல்லைப்புறம் போய்ப் பழகியவர்களுக்குக் ‘கக்கூஸ் வீட்டுக்குள்ளேயா!’ என்று முதலில் கூச்சமாகத்தானே இருந்திருக்கும்? பல ஃப்ளாட்டுகளில் அதைச் சமையலறைக்குத் தள்ளி ஒரு கோடியில் வைத்தார்கள். ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

மாதுங்கா நடுத்தர வர்க்கத்துக்கு. பணக்காரர்களுக்கு வந்ததுதான் மரைன் டிரைவ். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், 1930-களிலும் 40-களிலும் சிமெண்ட் கான்கிரீட்டில் வரிசையாக எழும்பின அந்த அடுக்கு மாளிகைகள். கப்பலின் மேல்தளம் மாதிரி வளைந்த பால்கனிகள், ஜன்னலுக்கு மேலே புருவம் வைத்தாற்போல் நீண்ட சன்ஷேட், மொசைக் தரை, கம்பிக்கதவு போட்ட லிஃப்ட். வாசல் கேட்டில் சூரியன் உதிக்கிற மாதிரி கதிர் கதிராக இரும்பு வேலைப்பாடு. நம் சிவகாசிப் பட்டாசுப் பெட்டி லேபிளைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகவே தெரியாது! சூனா மஹால், ஓவல் மைதானத்து ஓரத்தில் ராஜ்ஜப் மஹால், எம்பிரஸ் கோர்ட் என்று ராஜ வீட்டுப் பெயர்கள் வேறு.

கட்டிடக் கலைக்காரர்கள் இந்தப் பாணியை ‘ஆர்ட் டெகோ’ என்கிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ, மும்பையின் இந்த ஆர்ட் டெகோ கட்டிடங்களையும், ஓவல் மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பழைய கோதிக் கட்டிடங்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எனக்கு அந்த வளைவும் நெளிவும் அழகாகத்தான் படுகின்றன. ஆனால் மெச்ச வேண்டியது சன்ஷேடைத்தான். வெயில் உள்ளே விழாது, மழை தெறிக்காது, ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். அழகும் உபயோகமும் ஒன்றாகப் போன இடம் அது.

எல்லாம் சுகமாகவே முடியவில்லை. 1947 வாடகைச் சட்டம் குடியிருப்பவர்களைக் காப்பாற்றியது. வாடகை ஏறாததால் பல சொந்தக்காரர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். கடற்காற்றின் உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, காரை பெயர்ந்து விழுந்தது. இடம் போதாமல் எத்தனையோ பால்கனிகளைக் கண்ணாடி போட்டு அடைத்தும்விட்டார்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கடற்காற்றும் கிடையாது. அதனால் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். எல்லா லைட்டையும் ஃபேனையும் அணைக்கச் சொல்லிவிட்டுச் சமையலறையில் பத்து நிமிஷம் நில்லுங்கள். மேற்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் எவ்வளவு நீளம் என்று அண்ணாந்து பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் அடுத்த கட்டிடத்துச் சுவர் தட்டுப்படுகிறதா? அப்படியானால் அட்வான்ஸ் பணத்தை முந்தானையிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தாலும், நாளைக்கு அங்கே எத்தனை மாடி வரலாம் என்று கேட்டுவிட்டு, அந்த ‘உயரத்தில் பாதி’ கணக்கைப் போட்டுப் பாருங்கள்.