மதிலிடுக்கின் குறுமரம்

வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலிடுக்கில், பறவையின் எச்சத்தோடு விழுந்த வித்திலிருந்து முளைத்து, கைப்பிடி மண்ணும் இன்றி ஆண்டுகள் பல கடந்தும் முழ உயரத்தைத் தாண்டாது நிற்கும் அரசங்கன்றை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோர்க்கு, மரத்தைச் சிறு தட்டில் குறுக்கி வளர்க்கும் போன்சாய்க் கலையின் சூட்சுமம் தானே புலப்படும்.

வேருக்கு இடம் குறுகவே இலையும் கணுவிடையும் சிறுக்கின்றன; 1928-ல் வென்ட் என்னும் டச்சு விஞ்ஞானி மெய்ப்பித்த ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, நுனிக்குருத்திலிருந்து இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்கவைப்பதால், நுனியைக் கிள்ளியதும் அவை விழித்துக் கிளைக்கின்றன. குளிர்தேச மரங்களைப்போல் நீண்ட நித்திரை கொள்ளாத நம் அரசும் இச்சியும் விரைவில் பருக்குமாதலால், கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியைச் சில மாதங்களிலேயே, பட்டையில் பதியுமுன், வெட்டியெடுத்தல் அவசியம்.

தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உவர்ப்பேறிய ஆம்பூர்ப் பகுதியிலோ இன்னுமொரு கவலை: ஆழமற்ற தட்டில் நீர் ஆவியாக உப்பு மட்டும் தங்கி, இலையோரம் கருகும்; ஆதலால் மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே உத்தமம்.