உங்களுக்குத் தெரியுமா? உயிர் காக்கும் தெர்மாகோல்!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கி.மீ. பைக்கில் கிளம்பும் முன், ஹெல்மெட் பற்றிய இதைப் படியுங்கள்.

● 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எனப் புகழ்பெற்ற டி.இ.லாரன்ஸ், 1935-ல் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரது சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் பின்னர் செய்த ஆய்வுகளே, பிரிட்டிஷ் ராணுவத்தில் பைக் ஓட்டிகள் ஹெல்மெட் அணிய வழிவகுத்தன.

● தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது.

● அடியைத் தாங்குவது வெளி ஓடு மட்டுமல்ல; உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீளாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

● சரியான ஹெல்மெட், தலைக்காய ஆபத்தை 69 சதவீதம் குறைக்கிறது என்கிறது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு.

● கடற்கரை மணலில் ஓட்டும் ஏ.டி.வி. எனும் நான்கு சக்கர பைக் கவிழ்ந்தால் ஓட்டுபவர் மீதே விழக்கூடும். அங்கும் ஹெல்மெட் தேவை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப்பட்டையை 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலையில் இருக்காது!