மாலை 6 மணி ஆங்கிலம்

1943இல் ஜப்பானின் பேஸ்பால் ஆட்டங்களில் நடுவர் ‘ஸ்ட்ரைக்’ என்று குரல் கொடுக்க முடியாது. ‘யோஷி’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அன்று எதிரியின் மொழி. இரண்டே ஆண்டுகளில் ஜப்பான் சரணடைந்தது. தெருவில் அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது?

ஒகாவா கிகுமாட்சு என்ற பதிப்பாளர் சில வாரங்களிலேயே ‘நிச்சிபெய் கைவா தெச்சோ’ என்ற ஆங்கிலப் பேச்சுக் கையேட்டைக் கொண்டுவந்தார். மொத்தம் 32 பக்கம். அன்றாடப் பேச்சு, கடைக்குப் போவது, வழி கேட்பது: உள்ளே இருந்தது இவ்வளவே. சோற்றுக்கே திண்டாடிய நாட்டில் 36 லட்சம் பிரதிகள் விற்றன! அந்தச் சாதனையை 1981இல் தாண்டிய புத்தகம், தமிழிலும் நாம் படித்த ‘டோட்டோ-சான்’.

புத்தகம் வாங்கியவர்களின் வாயைத் திறக்க வைத்தது வானொலிதான். 1946 பிப்ரவரியில் ஹிரகவா தாதாஇச்சி என்ற அறிவிப்பாளர் என்.எச்.கே. வானொலியில் ஆங்கிலப் பேச்சுப் பாடம் தொடங்கினார். மாலை 6 மணிக்கு, 15 நிமிடம். ஊருக்கெல்லாம் தெரிந்த ‘ஷோஜோஜி’ என்ற குழந்தைப் பாட்டின் மெட்டில் ‘கம் கம்’ என்று தொடங்கும் ஆங்கில வரிகளைப் போட்டு நிகழ்ச்சியை ஆரம்பிப்பார். அதனால் ‘கம் கம் ஆங்கிலம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. இலக்கணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கைக்குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்வதுபோல் சொல்லுங்கள் என்பதே அவர் வழி. பாடமும் குடும்பத்துக்குள் நடக்கும் சாதாரணப் பேச்சுதான். தோற்றுப்போன ஒரு நாட்டின் வீடுகளுக்குள் ஒரு வேற்றுமொழி சிரித்துக்கொண்டே நுழைந்ததே, அதை நான் பெரிய சாதனை என்பேன்.

பள்ளிக்கூடம் வேறு பாதையில் போனது. ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஜப்பானியத்தில் எழுதும் ‘யாகுதொகு’ முறை பல தலைமுறைகளை ஆண்டது. நுழைவுத் தேர்வுக்கு அது போதும். கடினமான கட்டுரையைப் படித்துப் பொருள் சொல்பவர், வழி கேட்கும் வெளிநாட்டவர் முன்னால் வாயடைத்து நிற்பார். இதை மாற்றத்தான் 1987இல் ‘ஜெட்’ திட்டத்தின் கீழ் வெளிநாட்டு இளைஞர்களை உதவி ஆசிரியர்களாக வரவழைத்தார்கள்.

இன்று 3ஆம் வகுப்பிலேயே ஆங்கிலம் காதில் விழுகிறது. 2020 முதல் 5, 6ஆம் வகுப்புகளில் அது முறையான பாடம். ஆண்டுக்கு 70 பாடவேளை. வணக்கம் சொல்வது, பிடித்ததைச் சொல்வது, வழி காட்டுவது என்று ஆரம்பமே பேச்சுதான். கைப்பேசியிலோ கேட்ட நேரத்தில் உச்சரிப்பு கிடைக்கிறது. இது நல்ல மாற்றம், தாமதமாக வந்தாலும்.

ஆனால் பாடம் என்று ஆனதும் மதிப்பெண்ணும் ஒட்டிக்கொண்டது. டோக்கியோவில் 2022 முதல் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் தலையில் ஹெட்செட் மாட்டி, டேப்லெட்டைப் பார்த்துப் பேசித் தேர்வு எழுதுகிறார்கள். அந்த மதிப்பெண் மாநகர அரசின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் சேர்கிறது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தோடு ஏற்கெனவே போராடும் பிள்ளைகள் அவர்கள். ஹிரகவா யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. 10 வயதுப் பிள்ளைகளையாவது தப்பும் தவறுமாகத் தாராளமாகப் பேச விடுங்கள்.